தேர்மோமீற்றர் பழுது என்று திருப்பிக் கொண்டு வருமுன்

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்திப் பக்கம் ஒரு பாமசியில் கன வருசமாக நிற்கிறேன். மழை தொடங்கினால், கார்த்திகை தொட்டுத் தை மட்டும், எங்களிடம் அதிகம் திரும்பி வருகிற சாமான் தேர்மோமீற்றர்தான். "தம்பி, இது பிழையாய்க் காட்டுது, மாத்தித் தாங்கோ." வாங்கி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, என் கமக்கட்டில் வைத்துப் பார்ப்பேன். 36.6. திருப்பித் துடைத்துக் கடைப் பெடியனுக்கு வைத்தால் 36.7. கருவியில் ஒரு பிழையும் இராது. அப்புறம் எங்கே வைத்தீர்கள், எவ்வளவு நேரம் வைத்தீர்கள், பிள்ளை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் விசயம் வெளியே வரும். அந்தக் கதைகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு என்ன காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 அல்லது அதற்கு மேல் காட்டினால், அல்லது எந்த வயதுப் பிள்ளையாக இருந்தாலும் வலிப்பு, மூச்செடுக்கக் கஷ்டம், எழுப்ப எழுப்ப எழும்பாத மயக்கம் என்று ஏதாவது இருந்தால், இதை வாசித்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 இற்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது, கருவி 36.3 என்கிறது

அதிகம் வருகிற முறைப்பாடு இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கமக்கட்டில் வைக்கும் சாதாரண டிஜிற்றல் தேர்மோமீற்றரில் அளக்கிற இடம் நுனியில் உள்ள அந்தச் சின்ன உலோகக் குமிழ் மட்டும்தான். அந்தக் குமிழைச் சுற்றி நாலு பக்கமும் தோல் ஒட்டியிருந்தால் தோலின் சூட்டைச் சொல்லும், ஒரு பக்கம் காற்றுப் பட்டால் காற்றையும் சேர்த்துச் சொல்லும். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையின் கமக்கட்டு எவ்வளவு சின்னது என்று பாருங்கள். முன்னுக்கிருந்து குறுக்காகத் தள்ளினால் நுனி பின்பக்கத்தால் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அம்மா முன்னால் இருந்து பிடித்திருப்பார், அவருக்கு அது தெரியாது. அப்போது அது அளப்பது உங்கள் அறையை.

சரியாக வைப்பது இப்படி. பிள்ளையை மடியில் இருத்துங்கள், அதன் முதுகு உங்கள் நெஞ்சில் சாயட்டும். சட்டையைக் கழற்றுங்கள், பெனியனின் கைத்துளைக்குள்ளால் விட்டுச் சமாளிக்க வேண்டாம். கமக்கட்டில் வேர்வை இருந்தால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் தோல் சூடாகிவிடும். நுனியைக் கீழிருந்து மேல் நோக்கிச் சாய்த்து, கமக்கட்டின் ஆழமான குழியில் முட்டும்படி வையுங்கள். கையை இறக்கி, முழங்கையை விலாவோடு சேர்த்து, உங்கள் கையால் அதை மெல்ல அணைத்துப் பிடியுங்கள். பின்பக்கம் ஒருக்கால் தடவிப் பார்த்தால் நுனி வெளியே வந்திருக்கிறதா என்று விரலுக்கே தெரியும். மேலே மின்விசிறி நேராகச் சுழன்றால் அந்த ஐந்து நிமிடத்துக்கு நிறுத்துங்கள்.

ஐந்து நிமிடமா, பெட்டியில் பத்து செக்கன், அறுபது செக்கன் என்றல்லவா போட்டிருக்கிறது என்று கேட்பீர்கள். குமிழின் சூடு ஏறுவது மெதுவாகி, குறிப்பிட்ட சில செக்கனுக்குள் பெரிதாக மாறாமல் விட்டால் 'பீப்' அடிப்பதுதான் அதன் வேலை. வாய்க்குள் அது சரிவரும். கமக்கட்டில் சரிவராது, ஏனென்றால் சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கிய உடனேயே அந்த இடத்துத் தோல் கொஞ்சம் ஆறிவிடுகிறது, கையை இறக்கி மூடிய பிறகு ஆறுதலாகத்தான் திரும்பச் சூடேறும். கருவி பாதி வழியிலேயே "சரி, முடிந்தது" என்று அடித்துவிடும். பெரும்பாலான சாதாரண டிஜிற்றல்கள் பீப் அடித்த பின்னும் அளந்துகொண்டுதான் இருக்கும். எடுக்காமல் மொத்தம் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். 36.9 இல் பீப் அடித்தது 37.8 இற்கு ஏறுவதைக் கடையிலேயே பலருக்குக் காட்டியிருக்கிறேன். ஐந்து நிமிடம் பிள்ளை இருக்காது என்றால், முதலில் வெறும் கையை இறக்கி இரண்டு மூன்று நிமிடம் அணைத்து வைத்துவிட்டுப் பிறகு கருவியை உள்ளே விடுங்கள், கொஞ்சம் கெதியாக முடியும்.

ஐந்து நிமிடம் நீளம் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 37 பாகைதான் சாதாரணம் என்று 1868 இல் ஜேர்மன் வைத்தியர் வுண்டர்லிச் எழுதியபோது, அவரும் கமக்கட்டில்தான் அளந்தார். அந்தக் காலத்துத் தேர்மோமீற்றர் ஒரு அடி நீளம், ஒருதரம் பார்க்க இருபது நிமிடம் எடுக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது: கருவி சரி, கைதான் பிழை. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துவிட்டு வந்த குளிர்ந்த கையால் தொட்டால் எந்தப் பிள்ளையும் சுடும். அம்மா தொட்டுப் பார்த்து "சுடேல்லை" என்றால் அநேகமாகச் சரியாக இருக்கும். "சுடுது" என்றால் அளந்துதான் பார்க்க வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு இதே குழப்பம் வேறு விதமாக வரும். துடக்குக் கழியும் மட்டும் அறையைப் பூட்டி, தொப்பி, காலுறை, இரண்டு துணி என்று சுற்றி வைத்திருப்பார்கள், காய்ச்சல் இல்லாமலே சூடு கூடக் காட்டும். சுற்றியதைத் தளர்த்திப் பதினைந்து நிமிடம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் 38 என்றால் உடனே ஆஸ்பத்திரி. பால் குடிக்காமல் சோர்ந்திருந்தால் அந்தப் பதினைந்து நிமிடமும் பார்க்க வேண்டாம். சின்னக் குழந்தைக்கு 35.5 இற்குக் கீழே போவதும் ஆபத்துத்தான். நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துப் போர்த்திக்கொண்டு போங்கள்.

ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு இலக்கம்

இடது கமக்கட்டு 37.9, வலது 38.1. இது பழுதில்லை. நல்ல டிஜிற்றலே 0.1 பாகை அப்படி இப்படிக் காட்டலாம், இரண்டு பக்கமும் உடம்பு ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு பக்கமாகச் சரிந்து படுத்திருந்த பிள்ளையின் அந்தப் பக்கக் காதும் கமக்கட்டும் கூடத்தான் காட்டும்.

அரை பாகைக்கு மேல் வித்தியாசம் என்றால் அதற்கு முதல் அரை மணித்தியாலத்தில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். அழுததா, ஓடியதா, குளிப்பாட்டினீர்களா, ஈரத் துணியால் துடைத்தீர்களா, போர்வைக்குள்ளிருந்து நேரே எடுத்தீர்களா. இருபது முப்பது நிமிடம் விட்டுத் திருப்பிப் பாருங்கள். வாயில் வைக்கிற வயதுப் பிள்ளை என்றால் (ஐந்து வயதுக்கு முன் வாயில் வேண்டாம், கடித்துவிடும்) கடைசியாகக் குடித்த மல்லித்தண்ணியும் கணக்கில் வரும். சூடாகவோ குளிராகவோ எதைக் குடித்தாலும் அரை மணித்தியாலம் பொறுங்கள்.

விடியக் காய்ச்சல் இல்லை, பின்னேரம் வருகிறது என்பதும் இந்த வகைதான். சுகமான உடம்பே விடியப்புறம் குறைந்து, பின்னேரம் நாலு ஐந்து மணிக்குக் கூடும். அரை பாகை, சில நேரம் அதற்கு மேலும் ஏறி இறங்கும். விடிய 37.1 காட்டிய பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு இரண்டு மணிக்கு ரீச்சர் போன் எடுத்தவுடன் தேர்மோமீற்றரைத் திட்டக்கூடாது.

நான் சொல்கிற வழி இது: ஒரே கருவி, ஒரே இடம், ஒரே பக்கம். ஒரு கொப்பித் தாளில் நேரத்தையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள், "பி.ப. 6.10, இடது கமக்கட்டு, 38.4" என்று. உங்களுக்குப் பிடித்த இலக்கம் வரும் மட்டும் மூன்று தரம் நாலு தரம் பார்க்க வேண்டாம். கமக்கட்டில் 37.5 அல்லது அதற்கு மேல் என்றால் காய்ச்சல் என்று எடுக்கலாம், உடம்பின் உள்சூட்டுக்கு 38. கமக்கட்டு உள்சூட்டை விடக் குறைவாகத்தான் காட்டும் என்பதற்காக அரையைக் கூட்டிச் சொல்கிற பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. டொக்டரும் தன் பங்குக்கு அரையைக் கூட்டினால் பிள்ளைக்கு இல்லாத காய்ச்சல் வந்துவிடும். கண்ட இலக்கத்தையும் இடத்தையும் சொல்லுங்கள், மிச்சத்தை அவர் பார்ப்பார்.

கால் மணிக்கு ஒருக்கால் பார்க்கவும் தேவையில்லை, நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் போதும். நித்திரை கொள்கிற பிள்ளையை இதற்காக எழுப்புவது எனக்குப் பிடிக்காத வேலை.

மூன்று நாளாக அதே 38.9

ஒரு அண்ணை போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். ஏழெட்டுப் படம், எல்லாவற்றிலும் 38.9. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், அது லாச்சியை இழுத்து விளையாடிக்கொண்டு நிற்கிறது. அந்த இலக்கத்துக்கும் இந்தப் பிள்ளைக்கும் ஒத்து வரவில்லை.

வைத்துக் காட்டச் சொன்னேன். கருவியைக் கமக்கட்டில் வைத்தார், ஐந்து நிமிடம் பொறுமையாகப் பிடித்தார், வெளியே எடுத்தார், அப்புறம் பொத்தானை அமத்தினார். 38.9 வந்தது. படம் எடுத்தார், திருப்பி அமத்தி நிறுத்தினார். பாதரசத் தேர்மோமீற்றர் பார்த்து வளர்ந்த கை, அதற்குப் பொத்தான் இல்லையே. டிஜிற்றலில் பொத்தானை அமத்தியவுடன் முதலில் எல்லாக் கோடும் எரிந்து 188.8 மாதிரி ஒன்று தெரியும், அடுத்து கடைசியாக அளந்த இலக்கம் நினைவிலிருந்து ஒரு கணம் வந்து போகும், அதற்குப் பிறகுதான் அளக்கத் தயாராகும். அவர் மூன்று நாளாகப் பார்த்தது முதல் நாள் இரவுக் காய்ச்சலை. முதலில் பொத்தான், அந்தப் பழைய இலக்கம் போகட்டும், 'லோ' அல்லது பாகைக் குறி மினுங்கத் தொடங்கட்டும், பிறகு கமக்கட்டு.

'லோ', 'ஹை', 'எரர்', அல்லது திரையில் ஒன்றுமே இல்லை

'லோ' என்றால் 32 பாகைக்குக் கீழே என்று அர்த்தம் (கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும்). வெளியே வைத்திருக்கும்போது அது சரியான விடை, பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளையில் வைத்தும் 'லோ' நின்றால் நுனி தோலில் படவில்லை. 'ஹை' என்றால் அதன் எல்லையைத் தாண்டிவிட்டது. கருவியைச் சுடுதண்ணியில் கழுவிய உடனே பார்த்திருப்பீர்கள், அல்லது மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்து வெயிலுக்குள்ளால் கொண்டு வந்திருப்பீர்கள். நிழலில் அரை மணித்தியாலம் வையுங்கள்.

திரை மங்கல், இலக்கம் பாதி தெரிகிறது, பற்றரிக் குறி மினுங்குகிறது என்றால் பற்றரிதான். அநேகமானவற்றுக்கு எல்ஆர்41 என்ற பொத்தான் பற்றரி, மணிக்கூடு திருத்துகிற கடையிலும் இருக்கும். பழைய பற்றரியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டாம், பிள்ளை விழுங்கினால் காய்ச்சலை விடப் பெரிய ஆபத்து. புதுக் கருவி என்றால் பற்றரிக்கு அருகில் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதை இழுத்து எடுக்காமல் வேலை செய்யாது. அதற்காகவே திரும்பி வந்த கருவிகளும் உண்டு.

துவக்கு மாதிரி நெற்றிக்குப் பிடிப்பது 33, 34 என்கிறது

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூட வாசலிலும் வங்கி வாசலிலும் மணிக்கட்டுக்குப் பிடித்தார்களே, அது. அதிலிருந்து கதிர் ஒன்றும் பிள்ளைக்குள் போவதில்லை. தோலிலிருந்து வருகிற வெப்பக் கதிரை அது வாங்குகிறது, அவ்வளவுதான். ஆகவே அந்த ஒரு அங்குலத் தோலில் என்ன இருக்கிறதோ அதைத்தான் சொல்லும்.

எங்கள் வீடுகளில் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் என்ன இராது? திருநீறு. அதற்கு மேல் சித்தாலேப. அதற்கும் மேல் ஓடிக்கொலோன் நனைத்த லேஞ்சி. ஒரு அக்கா இரவு கடை பூட்டுகிற நேரம் பிள்ளையோடு வந்தார், நெற்றி மணக்கிறது, துவக்கில் 35.1. லேஞ்சியை எடுத்து, ஓடிக்கொலோன் காயக் காய அந்த இடம் குளிர்ந்துபோகும் என்று விளக்கி, நெற்றியைத் துடைத்து, இருபது நிமிடம் கதிரையில் இருத்திவைத்துப் பார்த்தோம். 38.2. கமக்கட்டில் டிஜிற்றல் 38.3. அவருக்குக் கொஞ்சம் கோபம், ஓடிக்கொலோனும் எங்கள் கடையில்தான் வாங்கியது.

நெற்றியைத் துடையுங்கள், முடியை ஒதுக்குங்கள், வேர்வையை ஒற்றுங்கள், வெயிலிலிருந்து அல்லது ஏசி அறையிலிருந்து வந்தால் கருவியும் பிள்ளையும் ஒரே அறையில் கொஞ்ச நேரம் இருக்கட்டும். எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று பெட்டித் தாளில் இருக்கும், அநேகமாக ஒன்றிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர். தள்ளிப் பிடித்தால் குறையும். கண்ணாடியில் விரல் அடையாளம் இருந்தாலும் குறையும், ஸ்பிரிட்டில் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்துக் காயவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் 33 என்றால் பொத்தானைப் பாருங்கள். பலவற்றில் உடம்பு, பொருள் என்று இரண்டு நிலை உண்டு, பால் போத்தலின் சூடு பார்க்கிற நிலையில் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள்.

என் அபிப்பிராயம், துவக்கு நித்திரையில் இருக்கிற பிள்ளையை ஒருக்கால் பார்க்க நல்லது. மருந்து கொடுப்பதா ஆஸ்பத்திரிக்குப் போவதா என்ற யோசனை என்றால் கமக்கட்டில் டிஜிற்றலால் உறுதிப்படுத்துங்கள். காதுக்குள் வைப்பது நல்லதுதான், ஆனால் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம், காதை மெல்லப் பின்னுக்கு இழுத்து (ஒரு வயதுக்கு மேல் என்றால் மேலும் பின்னுமாக) துளையை நேராக்காவிட்டால் அது காதுச் சுவரைத்தான் பார்க்கும். நெற்றியில் ஒட்டுகிற நிறம் மாறும் பட்டி நம்பக்கூடிய சாமான் இல்லை.

"முப்பத்தெட்டுத்தானே, நூறு தாண்டேல்லையே"

வீட்டில் அம்மம்மா இருந்தால் இது நடக்கும். அவருக்குக் காய்ச்சல் என்றால் நூறு, நூற்றியொன்று, நூற்றிரண்டு. பேத்தி 38.9 என்று வாசித்தால் "அப்ப ஒண்டுமில்லை, குளிக்க வார்" என்பார். 38.9 என்பது அவருடைய கணக்கில் 102. செல்சியசை 1.8 ஆல் பெருக்கி 32 ஐக் கூட்டினால் பரனைற் வரும். இரவு இரண்டு மணிக்குக் கணக்குப் பார்க்க ஏலாது என்பதால் அலுமாரிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்: 37 என்றால் 98.6, 37.5 என்றால் 99.5, 38 என்றால் 100.4, 38.5 என்றால் 101.3, 39 என்றால் 102.2, 40 என்றால் 104. கருவி திடீரென்று 101 காட்டினால் கொதித்துவிட்டது என்று பதற வேண்டாம், பொத்தானை நெடுநேரம் அமத்தியதில் அலகு மாறியிருக்கும்.

பாதரசம் இறங்கவில்லை, அல்லது உடைந்துவிட்டது

1990 இற்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டுக்குப் பற்றரி வருவதே தடையாக இருந்தது. அந்தக் காலத்தைக் கண்டவர்கள் பாதரசத் தேர்மோமீற்றரைச் சேலை மடிப்புக்குள் பொத்தி வைத்திருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நல்லாகப் பாவித்தால் சரியாகத்தான் காட்டும். குழாயின் கழுத்தில் ஒரு ஒடுக்கம் இருப்பதால் ஏறிய பாதரசம் தானாக இறங்காது, அதனால்தான் வெளியே எடுத்த பிறகும் வாசிக்க முடிகிறது. ஒவ்வொரு தரமும் 35 இற்குக் கிட்ட வரும் மட்டும் மணிக்கட்டால் உதற வேண்டும். மேசை ஓரத்திலும் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்திலும் நின்று உதற வேண்டாம். சுடுதண்ணியில் கழுவினால் வெடிக்கும், 42 இற்கு மேல் அதற்குப் போக இடமில்லை.

உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, யன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள். கையில் உள்ள மோதிரம், காப்பைக் கழற்றிவிடுங்கள், பாதரசம் தங்கத்தில் பட்டால் பிடித்துக்கொள்ளும். தும்புத்தடியால் கூட்டினால் மணி மணியாகச் சிதறும். கெட்டிக் கடதாசியால் ஒன்றுசேர்த்து, மிஞ்சியதை ஒட்டும் ரேப்பால் தொட்டு எடுத்து, மூடியுள்ள போத்தலில் போட்டு இறுக்கி மூடுங்கள். கழுவுகிற தொட்டியில் ஊற்றக்கூடாது. 2013 இல் உண்டான மினமாட்டா உடன்படிக்கையின்படி 2020 இற்குப் பிறகு இதைச் செய்வதும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதும் நிறுத்தப்பட வேண்டியவை. உடைந்தவுடன் டிஜிற்றலுக்கு மாறுங்கள்.

கைகால் ஐஸ், பிள்ளை நடுங்குகிறது, ஆனால் நெஞ்சு சுடுகிறது

அநேகமாகக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிறது. உடம்பு சூட்டைச் சேர்த்துவைக்கக் கைகால் பக்கம் இரத்தத்தைக் குறைக்கிறது. இப்போது பார்த்தால் கமக்கட்டு குறைவாகவே காட்டலாம். ஒரு மெல்லிய போர்வையால் போர்த்தி, அரை மணித்தியாலம் கழித்துப் பாருங்கள், ஏறியிருக்கும். நடுக்கம் நின்று உடம்பு முழுக்கச் சுடத் தொடங்கியதும் போர்வையை எடுங்கள். ஐஸ் தண்ணியால் துடைப்பது வேண்டாம், துடைப்பதென்றால் நகச்சூட்டுத் தண்ணி.

பரசிற்றமோல் கொடுத்தும் இறங்கவில்லை

எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? "இப்பதான், கால் மணித்தியாலம்." அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் அதற்கு வேண்டும். 39.6 இலிருந்து 38.5 இற்கு வந்திருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. 37 ஆக்குவது அதன் வேலை இல்லை, பிள்ளை எழும்பி இருந்து கஞ்சி குடித்தால் போதும்.

அடுத்த கேள்வி, எவ்வளவு கொடுத்தீர்கள். வயதைப் பார்க்காமல் நிறையைப் பார்த்துத்தான் அளவு: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி., ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம், ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேல் இல்லை. இங்கே பொதுவாக வருகிற பாணி 5 மி.லீ. இல் 120 மி.கி., 12 கிலோப் பிள்ளைக்கு ஆகக் கூடினது 7.5 மி.லீ. ஆனால் அதே மருந்து வேறு செறிவிலும் உண்டு, துளித்துளியாகக் கொடுக்கிறதும் உண்டு, போத்தலில் போட்டிருப்பதை வாசிக்காமல் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். குசினிக் கரண்டி ஒன்றும் அளவு இல்லை, போத்தலோடு வந்த மூடியையோ சிரிஞ்சையோ பாவியுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு டொக்டரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம்.

இறங்கவில்லை என்பதற்காக இபுபுறூபன், அஸ்பிரின், மெபனமிக், டைக்குளோபினக் என்று கேட்டு வராதீர்கள். டெங்கு ஓடுகிற ஊரில் காரணம் தெரியாத காய்ச்சலுக்கு நான் தரமாட்டேன், இரத்தம் கசியும் ஆபத்தைக் கூட்டும். சிலர் அதற்கும் கோபிக்கிறார்கள். பரவாயில்லை.

காய்ச்சல் விட்டுவிட்டது, 36.5, ஆனால் பிள்ளை தெளியவில்லை

சரியாக அளந்து, எழுதி வைத்து, உண்மையாகவே இறங்கியிருக்கிறது. கருவியும் சரி, கையும் சரி. நான் அதிகம் பயப்படுகிற இலக்கம் இதுதான்.

டெங்கில் ஆபத்தான கட்டம் அநேகமாகக் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் தொடங்கும், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கி, ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். அப்போது கமக்கட்டு 36.5 காட்டும், கைகால் குளிர்ந்திருக்கும், வீட்டில் எல்லோரும் "விட்டுட்டுது" என்று ஆறுதலாக இருப்பார்கள். உண்மையில் சுகமான பிள்ளை பசிக்குது என்று கேட்கும், விளையாட்டுச் சாமானைத் தேடும். இந்தப் பிள்ளை சோர்ந்து கிடக்கும். வயிற்று நோ, விடாத சத்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை, அளவுக்கு மிஞ்சிய நித்திரை அல்லது அந்தரிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தேர்மோமீற்றரை மூடி வைத்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

அதற்கு முதலே, காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் மூன்றாம் நாள் டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள். டெங்கு மட்டும் என்றும் இல்லை, 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் உயிரைக் குடித்தது எலிக்காய்ச்சல். வெள்ளத்துக்குள்ளும் வயலுக்குள்ளும் பிள்ளை கால் வைத்ததா என்று டொக்டர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள்.

போகும்போது அந்தக் கொப்பித் தாளைக் கொண்டு போங்கள். முதல் நாள் எத்தனை மணிக்குத் தொடங்கியது, ஒவ்வொரு தரமும் எங்கே வைத்து எவ்வளவு காட்டியது, பரசிற்றமோல் எத்தனை மணிக்கு எத்தனை மி.லீ., கடைசியாக எப்போது சலம் போனது, என்ன குடித்தது. போன கார்த்திகையில் ஒரு தகப்பன் சிகரெட் பெட்டி மட்டையில் எழுதிக்கொண்டு வந்தார், மழையில் பாதி கரைந்திருந்தது. மூன்றாம் நாள் விடிய 39.1, பின்னேரம் 36.8, பக்கத்தில் "குடிக்கேல்லை" என்று மட்டும். பரசிற்றமோல் ஒரு போத்தல் கேட்டார். மட்டையைப் பார்த்துவிட்டு மருந்தை எடுக்காமல் ஓட்டோவைக் கூப்பிட்டேன். நாலு நாள் கழித்துப் பிள்ளையோடு வந்து அந்தப் போத்தலை வாங்கிக்கொண்டு போனார்.